காஞ்ச இருமல்

ஏந்தாயி, இப்ப அந்தக் குப்பைத் தொட்டியில ஒரு மாத்திர அட்டையப் போட்டியே, நான் பாத்துட்டேன். பாக்காத மாதிரிதான் உக்காந்திருந்தேன், ஆனா பாத்துட்டேன். யாரு என்ன பண்ணுறாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்குறது எனக்கு ஒரு வியாதி. போயி எடுத்துட்டு வா. மேலாப்புலதான் கெடக்கு. எடுத்துப் பைக்குள்ள வையி. உள்ள டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்த கேளு. அவங்க போடச் சொன்னாப் போடு, எறியச் சொன்னா எறி.

பிரஷர் மாத்திரதான? தெரியும். இருமல் வருதுன்னு நீயாவே நிறுத்திரலாம்னு பாக்குற. அதுவும் தெரியும். நீ வந்து உக்காந்ததுல இருந்து ஏழு தடவ இருமிட்ட, ஒரு தடவகூடச் சளி வரல. காஞ்ச இருமல். இந்த இருமலப் பத்தி என்னையவிடத் தெரிஞ்ச ஆளு இந்தத் தாலுகாவுல கிடையாது. தெரிஞ்சு என்ன புண்ணியம், அதத்தான் சொல்ல வர்றேன்.

என் பேரு ராமுத்தாய். சாத்தூருக்குக் கிழக்க ஒரு பட்டி. இந்தா, எனக்கு அந்தப் பக்கம் சாஞ்சு உக்காந்திருக்காளே, இவ குருவம்மா. என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருக்கு அண்ணன் பொஞ்சாதி. நீ வணக்கம் சொன்னா தலைய ஆட்டுவா, பேச மாட்டா. சோத்தாங்கையும் காலும் வராது. செவ்வாக்கிழமைதோறும் இங்க ஒரு பொண்ணு வந்து கையி கால அசைக்கச் சொல்லிக் குடுக்குது, அதுக்குத்தான் கூட்டிட்டு வர்றேன். எங்க டோக்கன் பதினேழு. இப்ப ஒம்பதுதான் உள்ள போயிருக்கு. நேரம் கெடக்கு.

நீ எந்த ஊரு? ம். அங்க எங்க சம்பந்தி வீட்டுக்குச் சொந்தக்காரங்க இருக்காக. நான் சொல்றத அங்க போயி ஒப்பிச்சிறாத. உன் மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியல, ஆனா யாரு மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு.

இவளப் பக்கத்துல வச்சுக்கிட்டே இவளப் பத்திப் பேசுறாளேன்னு நெனைக்காத. இவளுக்குக் காது நல்லாக் கேக்கும். எல்லாம் புரியும். கேக்கட்டும்.

எங்க வீடு ஒரே வீடா இருந்தது. மாமனார் போனதும் நடுவுல சுவரு எழுப்பி ரெண்டாக்குனாக. இங்கிட்டு நாங்க, அங்கிட்டு இவ. ரெண்டு வாசலுக்கும் முன்னால தெருவுல இருந்து வர்ற ஒரு முடுக்குச் சந்து, ரெண்டு பேருக்கும் பொது. முடுக்குக் கடைசியில ஒரு கொழாய், அதுவும் பொது. பொதுன்னு ஒண்ணு இருந்தாப் போதும்ல, சண்டைக்கு வேற என்ன வேணும். சாக்கடைத் தண்ணி எங்கிட்டுப் போகணுங்குறதுல ஆரம்பிச்சு, நாங்க ரெண்டு பேரும் நேருக்கு நேரு பேசி அப்ப நாலு வருசம் ஆகியிருந்துச்சு. இவளுக்கு ரெண்டும் பையங்க. கல்யாணம் முடிச்சுத் திருப்பூருல இருக்கானுங்க. எனக்கு ஒரே பொண்ணு, முத்துச்செல்வி. அவளுக்கு அப்ப இருபத்தொம்பது வயசு. அதுவரைக்கும் கல்யாணம் ஆகல. அந்த ஒரு நெனப்புலதான் நான் எந்திரிப்பேன், அந்த ஒரு நெனப்புலதான் படுப்பேன்.

அந்த வருசம் ஆடி மாசம் பள்ளிக்கூடத்துல முகாம் போட்டு எல்லாருக்கும் பிரஷர் பாத்தாங்க. இவளுக்கு நூத்தி எண்பது, எனக்கு நூத்தி எழுவது. அதுலயும் இவதான் பெரியவ. ரெண்டு பேருக்கும் மாத்திர குடுத்தாங்க. இவளுக்குச் சின்னதா ஒரு வெள்ள மாத்திர, எனக்கு மஞ்சள். எனக்கு அங்கேயே சுருக்குன்னுச்சு. ஒரே நோயி, ஒரே டாக்டரு, ஒரே வரிசையில முன்னப் பின்ன நின்னோம், மாத்திர மட்டும் எப்படி வேற வேற ஆகும்? மாசாமாசம் வீட்டுக்கு மாத்திர கொண்டுவர்றது செண்பகம்னு ஒரு பொண்ணு. அவகிட்டக் கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும் அத்தைன்னா. செண்பகம் இவ பொறந்த ஊருக்காரி. நல்ல மாத்திரைய அங்கிட்டுக் குடுத்துட்டு மிச்சத்த எங்கிட்டத் தள்ளுறாளோன்னு எனக்கு ஒரு கண்ணு. ஒவ்வொரு மாசமும் மாத்திரையக் குடுத்துட்டு, இதப் போட்டு ஏதும் செஞ்சா ஒளிக்காமச் சொல்லுங்கன்னு கேப்பா. நான் ஒண்ணும் செய்யலன்னு சொல்லிருவேன். நம்ம வீட்டு விசயம் ஒண்ண அவகிட்டச் சொன்னா அது அடுத்த நிமிசம் சுவருக்கு அங்கிட்டுப் போயிரும்ல.

ஆவணி பிறந்தது. ஒருநா காலையில வாசத் தெளிக்க முடுக்குப் பக்கம் போறேன், அங்கிட்டு இருந்து இருமல். மறுநாளும் போறேன், மறுநாளும் இருமல். துணி காயப் போடப் போனா இருமல், தண்ணி பிடிக்கப் போனா இருமல்.

தாயி, எங்க பக்கம் ஒரு பழக்கம் உண்டு. உங்க ஊருலயும் இருக்கும். பிடிக்காதவ எதுக்க வந்தா வாயத் தொறந்து திட்டி வையிறது கிடையாது. வஞ்சா சாட்சி சொல்லிருவாங்கல்ல. அதனால ஒரு செருமல். தரையில ஒரு துப்பு. கேட்டா, தொண்ட கமறுச்சு செருமுனேம்பா. இதுக்காக மண்ட உடஞ்சு போலீஸ் ஸ்டேசன் வரைக்கும் போன குடும்பம் எங்க தெருவுலயே ரெண்டு இருக்கு. நானும் செருமியிருக்கேன், இவ மூஞ்சிக்கு நேராவே செருமியிருக்கேன். பொய் சொல்ல மாட்டேன்.

சரி, நெசமாவே உடம்புக்கு முடியலையோன்னு நான் நெனைக்காம இல்ல. நெனச்சேன். ஆனா நான் முப்பது வருசம் தீப்பெட்டி ஆபீசுல கெடந்தவ. அங்க இருமாத ஆளு கிடையாது. மருந்து முக்குற எடத்துல நிக்கிறவன் இருமல் ஒரு மாதிரி இருக்கும், குச்சி அடுக்குறவ இருமல் ஒரு மாதிரி இருக்கும். கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாலும் யாருன்னு சொல்லிருவேன். லீவுக்காக இருமுறவ யாரு, நெசமா முடியாம இருமுறவ யாருன்னு மேஸ்திரியே என்னையத்தான் கேப்பாரு. நெசமான இருமல் நெஞ்சுல இருந்து வரும். கூடவே சளி வரும். லீவு இருமலு தொண்டையோட நின்னுரும், ஒண்ணும் வராது. முப்பது வருசத்துல ஒரு தடவகூட நான் தப்புச் சொன்னதில்ல.

இவ இருமலக் காது குடுத்துக் கேட்டேன். ஒரு பொட்டுச் சளி இல்ல. அவ்வளவுதான், எனக்குத் தீந்துபோச்சு. இது நமக்காக இருமுற இருமல்.

சோதிச்சும் பாத்தேன். என்னைய அவசரக்காரின்னு நெனைக்காத. ஒருநா செருப்ப வீட்டுக்குள்ளயே விட்டுட்டு, பூனை மாதிரி நடந்து போயி சுவரு ஓரமா நின்னேன். நான் நிக்கிறது இவளுக்குத் தெரிய வழியே இல்ல. அப்பவும் இருமுனா. அப்படின்னா என்ன அர்த்தம்? நான் வச்சிருந்த மல்லியப்பூ வாசம் காட்டிக் குடுத்துருச்சுன்னு அர்த்தம். எம்புட்டு விவரமானவ பாரு.

என் வீட்டுக்காரரு சொன்னாரு, ஏண்டி, இருமல் வந்தா மனுசன் இருமத்தான் செய்வான்னு. அவருக்கு அண்ணன் குடும்பம்னா பாலு. என்னையச் சொன்னாத்தான் மோரு.

புரட்டாசி முடிஞ்சு ஐப்பசியில முத்துச்செல்வியப் பாக்க கழுகுமலைப் பக்கத்துல இருந்து வந்தாக. நல்ல எடம். பையன் மின்வாரியத்துல இருக்கான். வந்து உக்காந்து, காப்பி குடிச்சு, பிள்ளையப் பாத்து, எல்லாருக்கும் பிடிச்சுப்போயி, ஜாதகத்தக் குடுங்கன்னு பையனோட அத்தைக்காரி கைய நீட்டுறா. சுவருக்கு அங்கிட்டு இருந்து இருமல் ஆரம்பிக்குது. ஒண்ணு ரெண்டு இல்ல தாயி, விடாம, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி. நீட்டுன கைய அந்த அத்தைக்காரி மடக்கிக்கிட்டா. நல்ல காரியம் பேசுறப்ப இது என்ன சகுனம்னு யாரும் வாய்விட்டுச் சொல்லல, ஆனா எந்திரிச்சுட்டாக. போயிச் சொல்லி விடுறோம்னாக. இன்னைக்கு வரைக்கும் சொல்லி விடல. முத்துச்செல்வி சேலைய மடிச்சு வச்சுட்டு அரிசி கழுவப் போயிருச்சு. அவ அழுதிருந்தா எனக்கு அவ்வளவு வலிச்சிருக்காது.

அப்ப இருந்துதான் எனக்குக் காலு வீங்க ஆரம்பிச்சது. காலையில நல்லா இருக்கும், பொழுது சாயச் சாய ரெண்டு கணுக்காலும் பூசணிக்கா மாதிரி ஆயிரும். கொலுசக் கழட்டி வச்சேன். மெட்டி இறுக்குது. விரலால அமுக்குனா குழி விழுகுது. இது என்னன்னு தெரியாதா எனக்கு? மிதி. எதையோ மந்திரிச்சு முடுக்குல போட்டிருக்கா, நான் தாண்டி மிதிச்சிருக்கேன், காலு வீங்குது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். போயித் தேடுனேன். கொழாயடிக்குப் பக்கத்துல ஒரு எலுமிச்சம்பழம் கெடந்துச்சு. யாராவது சந்தப் பையில இருந்து விழுந்ததா இருக்கும்னாரு என் வீட்டுக்காரரு. அவரு அப்படித்தான் சொல்லுவாரு.

குறி கேக்கப் போனேன். பெண்ணாள், நெருங்குன ஆளு, பக்கத்துலயே இருக்குன்னு சொன்னாரு குறிகாரரு. வேற என்ன வேணும்? செண்பகம் வழக்கம்போல ஏதும் செய்யுதா அத்தைன்னு கேட்டப்ப, ஒண்ணும் செய்யலன்னு சேலையக் கீழ இறக்கி விட்டுக்கிட்டேன். செய்வினைய மாத்திரக்காரிகிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது.

அந்தக் கார்த்திகையிலேயே இன்னொரு எடம் அமஞ்சது. சாமி கண்ணத் தொறந்துச்சுன்னு சொல்லணும். கோவில்பட்டி மாப்பிள்ள, பேக்கரி வச்சிருக்காரு. பேசுனாக, பிடிச்சுப்போச்சு, நிச்சயம் வச்சாச்சு. பெரியப்பா பெரியம்மா நின்னு தட்டு மாத்தணும், அது மொற. சண்டைன்னு பாத்துக் கூப்பிடாம இருந்தா ஊரு காறித் துப்பும். கூப்பிட்டோம். வந்தா. பட்டு கட்டிக்கிட்டு லச்சணமா வந்து நின்னா. ஐயரு பத்திரிகைய எடுத்து மாப்பிள்ள பேர வாசிக்க வாயத் தொறக்குறாரு, இவ இருமுறா. முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டு, கண்ணுல தண்ணி ஊத்த, வெளிய ஓடுனா. தட்ட வேற ஆளு கையில குடுத்து மாத்துனோம்.

மாப்பிள்ள வீட்டுக்காரங்க நல்லவங்க, பெரியம்மாவுக்கு உடம்புக்கு என்னன்னு பாருங்கன்னாக. நான் சிரிச்சு மழுப்பி அவங்கள வேன் ஏத்தி விட்டேன். வேன் திரும்புனதுதான் தாமசம், நேரா முடுக்குக்குப் போயி நின்னேன். தெருவே பாக்குது. இவ வாசப்படியில நிக்கிறா. நாலு வருசத்துக்குப் பிறகு அன்னைக்குத்தான் இவகிட்ட நேருக்கு நேரு பேசுனேன்.

"என் பிள்ள கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் உன் தொண்டைய அடக்கிட்டு வர முடிஞ்சா கல்யாணத்துக்கு வா. முடியாட்டி வீட்டோட இரு" அப்படின்னேன்.

இவ அப்படியே திரும்புனா. உள்ள போயிட்டா.

அங்க இருந்து கவனமாக் கேளு, தாயி. அதுக்குப் பிறகு பத்து பன்னெண்டு நாள்ல இருமல் கொறஞ்சது. மார்கழி பொறந்தப்ப சுத்தமா நின்னு போச்சு. முடுக்குல கோலம் போடப் போறேன், சத்தம் இல்ல. தண்ணி பிடிக்கப் போறேன், சத்தம் இல்ல. வேற ஒருத்தியா இருந்தா அப்பாடான்னு இருந்திருப்பா. எனக்குத் தூக்கம் போச்சு. இருமுனப்பவாவது இவ எங்க நிக்கிறான்னு தெரியும். இப்பச் சத்தமே இல்லையே, என்ன பண்ணுறா, என்னத்தப் புதைக்குறா? காலு வீக்கம் வேற கொறஞ்ச பாடு இல்ல. விடிஞ்சதும் முடுக்கக் கூட்டி மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டுத்தான் மறு வேல பாத்தேன்.

தையில கல்யாணம். இவ வந்தா. முத நாளே வந்தா. அரிசி புடைச்சா, மால கட்டுனா, தாலி கட்டுற நேரம் முத்துச்செல்விக்குப் பின்னால கைவிளக்கப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நான் மாப்பிள்ளையப் பாக்கல, பொண்ணப் பாக்கல, இவ தொண்டையவே பாத்துக்கிட்டு நின்னேன். பெத்த பிள்ள கழுத்துல தாலி ஏறுனத நான் பாக்கல தாயி, அதச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. கெட்டி மேளம் முடிஞ்சது. ஒரு சின்னச் செருமல்கூட இல்ல. மூஞ்சி மட்டும் செக்கச்செவேல்னு இருந்துச்சு. அப்பப்பப் பின்னந்தலையப் பிடிச்சுக்கிட்டா. பந்தியில கூப்பிட்டாக, தல வலிக்குது, பிறகு சாப்பிடுறேன்னுட்டா. என் வீட்டுக் கல்யாணச் சோறு இவளுக்கு எறங்காதாம்னு நெனச்சுக்கிட்டேன்.

பொண்ணு மாப்பிள்ளைய அனுப்பிட்டு மண்டபத்து வாசல்ல நிக்கிறோம். சொந்தக்காரங்க அத்தன பேரும் நிக்கிறாக. இவ எங்கிட்ட வர்றா. சிரிச்சுக்கிட்டே வர்றா. எனக்கு அந்தச் சிரிப்பப் பாத்ததும் என்ன ஆச்சுன்னு தெரியல.

"இன்னைக்கு மட்டும் எப்படி இருமல் வரல? அடக்கணும்னு நெனச்சா அடக்க முடியுதுல்ல? அப்ப இத்தன மாசமும் வேணும்னுதான் இருமுன?" அப்படின்னு சத்தமாக் கேட்டேன்.

இவ சிரிப்பு அப்படியே நின்னுச்சு. "அது இல்ல ராமு" அப்படின்னா. அடுத்து என்னமோ சொல்ல வந்தா. நான் திரும்பி நடந்துட்டேன். மேஸ்திரிக்குத் தீர்ப்புச் சொல்லிட்டு வந்த மாதிரி ஒரு நெறவோட நடந்தேன், ஒளிக்க என்ன இருக்கு.

மூணாம் நாளு காலையில கொழாயடியில தண்ணி வழியுற சத்தம் கேட்டுச்சு. கொடம் நெறஞ்சு வழிஞ்சுக்கிட்டே இருக்கு. நம்ம மொறைக்குத் தண்ணி மிச்சம் வைக்கக் கூடாதுன்னு வேணும்னே விடுறா பாருன்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டு வெங்காயம் உரிச்சேன். எம்புட்டு நேரம்னு கேக்காத. ஒரு கொழம்புக்கு உள்ள வெங்காயம். அப்புறந்தான் இவள வையிறதுக்காக எந்திரிச்சுப் போனேன். இவ கொழாயடியில சாஞ்சு கெடக்குறா. வாயி ஒரு பக்கம் கோணியிருக்கு. என்னையப் பாக்குறா, பேச முடியல.

இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு வந்தோம். இங்க இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாக. மூளையில ரத்தக்குழாய் அடைச்சிருச்சு, பிரஷர் எக்கச்சக்கமா ஏறிக் கெடந்திருக்குன்னு அங்க சொன்னாக. திரும்பி இங்க வந்தப்ப, மாத்திர ஒழுங்காப் போட்டாங்களான்னு இந்த டாக்டரம்மா கேட்டாங்க. போட்டாங்க, மாசாமாசம் நான்தான் குடுக்குறேன்னா செண்பகம். எங்க மூத்தாரு, இவ வீட்டுக்காரரு பெத்துராசு, வீட்டுக்குப் போயி ஒரு சீனி டப்பாவக் கொண்டாந்து மேசை மேல கவுத்தாரு. எல்லாம் மாத்திர அட்ட. கார்த்திகையில இருந்து ஒண்ணுகூடப் பிரிக்கல.

அந்த மனுசன் எங்கிட்டத்தான் சொன்னாரு, வேற யாரையும் பாக்கல. "அந்த மாத்திர போட்டாத்தான் இருமல் வருதுன்னு அவளாவே கண்டுபிடிச்சா. ரெண்டு நாளு நிறுத்திப் பாத்தா, கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருந்துச்சாம். ராமு பிள்ள கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் போட மாட்டேன், நல்ல காரியத்துல நான் இருமிறக் கூடாதுன்னா. கல்யாணம் மறுவீடு எல்லாம் முடிஞ்சதும் போட்டுக்கிறேன்னுதான் சொன்னா."

டாக்டரம்மா அந்த அட்டைய எடுத்துப் பாத்துட்டுச் சொன்னாங்க. இந்த மாத்திர சில ஆளுக்குக் காஞ்ச இருமலக் குடுக்குமாம். சளி இருக்காதாம், விடாம வருமாம். எனக்குக் காதுக்குள்ள கொய்யுன்னுச்சு. "சொல்லியிருந்தா வேற மாத்திர குடுத்திருப்பேனேம்மா. இருமல் வராத மாத்திர எத்தனையோ இருக்கு" அப்படின்னாங்க. அம்புட்டுத்தான் விசயம். ஒரு வார்த்த. செண்பகம் மாசாமாசம் வாசல்ல நின்னு அந்த ஒரு வார்த்தையத்தான் கேட்டா.

என் காலையும் அன்னைக்கே பாத்துட்டாங்க. நீங்க போடுற மஞ்ச மாத்திரைக்கு இப்படி வீங்கும்னு சொல்லி வேற மாத்திர எழுதுனாங்க. ரெண்டு வாரத்துல வத்திருச்சு. அதே ரெண்டு வாரத்துல நான் இருக்கங்குடிக் கோயிலுக்குப் போயி நேந்துக்கிட்டு உப்பும் மிளகும் போட்டுட்டு வந்தேன், அதனால எதுல வத்துச்சுன்னு இன்னும் உறுதியாச் சொல்ல முடியாது. இருமல் மாத்திரையில வந்ததுன்னு ஒத்துக்கிறேன். வீக்கத்துல எனக்கு இன்னும் லேசா ஒரு சந்தேகம் இருக்கு.

ஊருல என்ன பேசுறாக தெரியுமா? ராமுத்தாய்தான் இவள இப்படி ஆக்குனாளாம். நான் இருமாதன்னுதான சொன்னேன், மாத்திரைய நிறுத்துன்னா சொன்னேன்? நீயே சொல்லு. நிறுத்துறப்ப எங்கிட்ட வந்து, இந்தா ராமு, இந்த மாத்திரதான் இப்படிப் பண்ணுது, நான் வேணும்னு இருமலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். அது வேற விசயம்.

இப்ப நான்தான் பாக்குறேன். பையங்க ரெண்டு பேரும் வந்து அழுதுட்டுத் திருப்பூருக்குப் போயிட்டானுங்க. மூத்தாருக்கு வயசாச்சு, அவரால தூக்க முடியல. குளிப்பாட்டுறது, தலை சீவுறது, மாத்திர போடுறது எல்லாம் நான். மாத்திரைய வாயில போட்டு, தண்ணி குடுத்து, வாயத் தொறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில பாத்துட்டுத்தான் விடுவேன். இவள நான் நம்ப மாட்டேன். கல்யாணத்துக்கு வந்தவங்க அத்தன பேரையும் ஏமாத்துனவ.

இப்ப எனக்கு ஒண்ணு தெரிஞ்சு போச்சு தாயி. இவளுக்குப் பேச்சு திரும்பிக்கிட்டு இருக்கு. மூத்தாருகிட்டப் போதும்னு சொல்லியிருக்கா. அந்தப் பயிற்சி குடுக்குற பொண்ணுகிட்டத் தண்ணின்னு சொல்லியிருக்கா. பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளையப் பாத்து என்னமோ கொஞ்சுனா, நான் உள்ள நொழஞ்சதும் வாய மூடிக்கிட்டா. எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்த கிடையாது. டாக்டரம்மா சொல்றாங்க, நெனச்ச வார்த்த நெனச்ச நேரம் வராது, அது இவங்க கையில இல்லன்னு. இருக்கலாம். நான் நம்பல. எங்கிட்ட மட்டும் பேச மாட்டேங்குறா.

அதுக்குத்தான் வாராவாரம் இந்தப் பெஞ்சுல யாராவது ஒருத்தியப் பிடிச்சு வச்சு இந்தக் கதையச் சொல்றேன். போன வாரம் நெம்மேனிக்காரி ஒருத்தி, அதுக்கு மொத வாரம் ஒரு டீச்சரு. உனக்கு நல்லது சொல்லத்தான் ஆரம்பிச்சேன், ஆனா உனக்காக மட்டும் சொல்லல. சொல்றப்ப ஒரு எடத்துல வேணும்னே பொய் சொல்லுவேன். அந்தப் பொய்யக் கேட்டு, அடிப்பாவி, நீ அன்னைக்கு அதா சொன்னன்னு இவ கொதிச்சு வாயத் தொறக்க மாட்டாளான்னு பாப்பேன். சண்டைக்கு வந்தாக்கூடப் போதும் எனக்கு. வஞ்சாக்கூடப் போதும்.

உனக்கும் அந்தப் பொய்யச் சொல்லிட்டேன். அன்னைக்கு முடுக்குல நான் வீட்டோட இருன்னு மட்டும் சொல்லல.

"உன் வாயி அடைச்சுப் போகட்டும்டி" அப்படின்னேன்.

மூத்தவளப் பாத்து 'டி' போட்டுச் சொன்னேன். மண்ண வாரித் தூத்திச் சொன்னேன். தெருவே கேட்டுச்சு, அதுல ஒருத்தரும் இன்னைக்கு வரைக்கும் அத எங்கிட்டத் திருப்பிச் சொல்லல. அதுதான் தாங்க முடியல. இவளாவது சொல்லணும். மண்டபத்து வாசல்ல சொல்ல வந்ததையும் சொல்லி முடிக்கணும், இதையும் சொல்லி என்னைய நாலு வார்த்த கேக்கணும். மாத்திர ஒரு பக்கம் இருக்கட்டும் தாயி, என் நாக்குதான், இந்த நாக்குதான் இவள...

என்ன அக்கா? என்ன? கைய எடு. இந்தப் பிள்ள பாக்குது பாரு, என் வாயப் பொத்தாத, கைய எடு அக்கா. ஏன் தலைய ஆட்டுற? நான் சொல்றது நெசந்தான? இல்லையா? என் நாக்கால வரலங்குறியா? அழுவாத. நீ அழுதா நான் என்ன பண்ணுவேன். சரி, சொல்லல. கைய எடு. இனிமே யாருகிட்டயும் சொல்லல, அக்கா.